அலபாமா ஆற்று வளைவில் தைக்கப்பட்ட போர்வைகள்

2006ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஓர் இரவு. வெளிநாட்டுச் செய்திகளைத் தெரிவுசெய்யும் பொறுப்பு அன்று என்னிடம் இருந்தது. செய்தி முகவரகங்கள் அனுப்பியவற்றுள் ஏழெட்டு வரிகளில் ஒரு சிறு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1962இல் நிறுத்தப்பட்ட ஓர் ஆற்றுப் படகுச் சேவை 44 ஆண்டுகளின் பின்னர் மீண்டும் ஆரம்பமாகிவிட்டது என்பதே அச்செய்தி. அதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்னர்தான், ஒகஸ்ட் 11ஆம் திகதி, முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் எப்போது வரும், என்ன கொண்டு வரும் என்பதே எங்கள் முதற்பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்த காலம். அலபாமாப் படகுக்கு இடமிருக்கவில்லை. நான் அதைத் தள்ளிவிட்டேன்.

எங்கள் பகுதியில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்றே பெயர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே அவ்வாறு ஒரு பாதை ஓடுவதை வாசகர்கள் அறிவர். ஆனையிறவும் சங்குப்பிட்டியும் அடைபட்ட தொண்ணூறுகளில், கிளாலி ஏரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களுக்குப் பாதை இல்லாமற் போவது என்றால் என்னவென்று எவரும் விளக்கவேண்டியதில்லை. அதனாற்போலும், தள்ளிவிட்ட அந்தச் செய்தி என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சிறு கிராமத்தின் படகை எதற்காக 44 ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள் என்று தேடத் தொடங்கியவன், எதிர்பாராத விதமாகப் போர்வைகளிடம் வந்து சேர்ந்தேன்.

அந்தக் கிராமத்தின் பெயர் ஜீஸ் பென்ட். 'ஜீ என்பவரின் வளைவு' என்று பொருள். அரசாங்கப் பதிவில் இன்று பொய்கின் என்ற பெயர் இருந்தாலும் ஊரவர் பழைய பெயரையே சொல்வர். அலபாமா ஆறு குதிரை லாடம் போல் வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் ஒரு நிலத்துண்டு அது. 1816இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் ஜீ என்ற தோட்ட முதலாளி அங்கே பருத்தி பயிரிட்டார். 1845இல், கடனுக்கு ஈடாக, அந்நிலம் அவரது உறவினரான மார்க் பெட்வே என்பவரின் கைக்குப் போனது. பெட்வே சுமார் நூறு அடிமைகளை வட கரோலினாவிலிருந்து அலபாமா வரை கால்நடையாகவே நடத்திக் கொண்டுவந்தார். ஊரிற் பெரும்பாலானோர் இன்றும் பெட்வே என்ற குடும்பப் பெயருடனேயே இருக்கிறார்கள். தங்களை விலைக்கு வாங்கியவனின் பெயரே அவர்களுக்கு மிஞ்சியது.

அடிமை முறை ஒழிந்த பின்னரும் அவர்கள் குத்தகையாளராக அதே நிலத்திற் பருத்தி பயிரிட்டார்கள். விதைக்கும் உணவுக்கும் ஆற்றுக்கு அப்பாலிருந்த கேம்டன் நகரத்து வணிகர் கடன் கொடுப்பார், அறுவடையில் அடைப்பார்கள், மறுபடியும் கடன். 1932இல் அப்படிக் கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய குடும்பத்தினர் கடன் முழுவதையும் உடனே கேட்டனர். சுமார் 60 குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, கலப்பை, வண்டி, களஞ்சியத்தில் இருந்த தானியம், கோழி என்று எடுக்கக்கூடியவை யாவும் எடுத்துச்செல்லப்பட்டன. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவைக் கொண்டு கடத்தினார்கள்.

1937இல் மத்திய அரசு அந்நிலத்தை விலைக்கு வாங்கி, நாற்பதுகளில் வீடுகளைக் கட்டிக் குறைந்த வட்டியில் அவர்களுக்கே விற்றது. இது மிக முக்கியமானது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதே 1937இல் ஆர்தர் ரொத்ஸ்டைன் என்ற அரச புகைப்படக் கலைஞர் அங்கே சென்றார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றில், மரக்குற்றிகளாற் கட்டிய குடிசையின் யன்னலில் ஒரு சிறுமி நிற்கிறாள். யன்னற் கதவின் உட்புறம் பத்திரிகைத் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதில் விளம்பரமொன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சுவரிடுக்குகளால் வரும் குளிர்காற்றைத் தடுப்பதற்காக ஒட்டியவை அவை. வாழ்நாள் முழுவதும் பத்திரிகைத் தாளை நிரப்புவதிலேயே கழித்தவன் என்ற முறையில், நாங்கள் எழுதுவது வேறெதற்கு இல்லாவிட்டாலும் இதற்காவது உதவியிருக்கிறது என்று அந்தப் படத்தைக் காணும்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

பத்திரிகைத் தாள் சுவருக்கு. உடம்புக்குப் போர்வை. அடுப்பைத் தவிர வேறு வெப்பமில்லாத குடிசையில், ஒரு கட்டிலில் ஐந்தாறு போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் படுப்பார்கள். கடையில் வாங்கக் காசில்லை. ஆகவே பெண்கள் தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த காற்சட்டை, கிழிந்த மேற்சட்டை, மாச்சாக்கு, உரச்சாக்கு, எதுவும் எறியப்படுவதில்லை. தேயாத பகுதியை வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி மேற்துணியைச் செய்வர். சாக்குத் துணி அடியில். இடையில், பருத்தியாலையில் நிலத்திற் சிந்திக் கிடந்த பஞ்சைக் கூட்டியள்ளி வந்து, தடியால் அடித்து மென்மையாக்கிப் பரப்புவர். பின்னர் மூன்று அடுக்கையும் சேர்த்து ஊசியால் ஓட்டுத் தையல் போடுவர். ஏக்கர் ஏக்கராகப் பருத்தி எடுத்துக்கொடுத்தவர்களுக்குத் தமது போர்வைக்குக் கிடைத்தது ஆலைத் தரையின் கூட்டற்பஞ்சு.

'கந்தை' என்ற நமது சொல் வடமொழியின் 'கந்தா' என்பதிலிருந்து வந்தது. ஒட்டுப்போட்ட துணி என்பது அதன் பொருள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா என்னும் போர்வையும் அதே சொல்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதோடு நாங்கள் நின்றுவிட்டோம். வங்காளப் பெண்கள் அதைத் தைத்தும் போர்த்தினார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆபிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களான சித்தி மக்களும் பழந்துணிப் போர்வை தைக்கிறார்கள். மூலையொன்றிலே தொடங்கி ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் முறை. முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியைப் 'பூ' என்று வைத்துத் தைப்பார்கள். அது இல்லாத போர்வை அவர்களுக்கு நிர்வாணமானது. சித்தி மக்களின் போர்வையையும் ஜீஸ் பென்ட் போர்வையையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் ஆபிரிக்க இரத்தம் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இருப்பது பழந்துணி, இல்லாதது காசு என்ற நிலையில் எந்தக் கையும் ஏறத்தாழ இந்த வழிக்கே வந்துசேரும்.

ஜீஸ் பென்ட் போர்வைகளிற் பல 'வீட்டுக்கூரை' என்ற அமைப்பைச் சேர்ந்தவை. நடுவில் ஒரு சதுரம்; அதைச் சுற்றிச் சுற்றி நீளத் துண்டுகள்; மேலிருந்து பார்த்தால் ஒரு கூரை போலத் தோன்றும். 'சோம்பேறிப் பெண்' என்று ஒன்றுண்டு. நெடுக்குத் துண்டுகள் மாத்திரம். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒருத்தியின் போர்வை மற்றவளுடையது போல் இராது. கோடு வளையும், சதுரம் சரியும், நீலத்தினிடையே திடீரென ஒரு சிவப்புத் துண்டு வந்து நிற்கும். துணி போதாமையாற் செய்ததா, வேண்டுமென்றே செய்ததா என்று பார்ப்பவர் மயங்குவர். இரண்டும்தான் என்பது என் எண்ணம். அளவுகோல் வைத்துத் தைக்கும் ஊர்களில் ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல், பன்னிரண்டு தையல் என்று எண்ணிப் பெருமைப்படுவார்கள். இங்கே அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

இவ்வளவையும் சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அத்தான் காலமாகி அப்போது ஆறேழு மாதம். அயலிலுள்ள பெண்களோடு சேர்ந்து அக்காவும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் பழகிக்கொண்டிருந்தார். "தம்பி, போர்வையைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறாய். தைச்ச விரலைப் பற்றி ஒரு வரி இல்லையே," என்றார். தன்னிடம் மூன்று விரலுறைகள் இருப்பதாகவும் மூன்றும் சரிவரவில்லை என்றும் சொன்னார். ஒன்று இறுக்கம், மற்றது கழன்று விழுகிறது, மூன்றாவதைப் போட்டால் நகம் முட்டுகிறது.

அக்கா சொன்னது நியாயமே. ஒற்றைத் துணியைத் தைப்பதற்கும் மூன்றடுக்கைத் தைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விரல்தான் அறியும். காற்சட்டைத் துணி, பஞ்சு, சாக்கு மூன்றையும் துளைத்துக்கொண்டு ஊசி போகவேண்டுமானால் அதன் பின்புறத்தைப் பலமாக உந்தவேண்டும். உந்துவது நடுவிரலின் நுனி. ஊசிக்காதுப் பக்கமும் கூர்மையற்றதல்ல. சிறிது நேரத்தில் அது சதைக்குள் இறங்கிவிடும். விரலுறையின் மேலுள்ள சிறு குழிகள் அலங்காரமல்ல. ஊசியின் பின்புறம் வழுக்காமல் தங்குவதற்கான இடங்கள் அவை. மேற்கை ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, பின் சாய்த்து, மீண்டும் நிமிர்த்தி, மூன்று நான்கு தையல்களை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே உந்தலில் தள்ளும். கீழே மற்றக் கையின் விரல் ஊசிமுனை வருகிறதா என்று தொட்டுப்பார்த்து அதை மேலே திருப்பிவிடும். அந்தக் கீழ்விரலுக்குக் கவசம் போட்டால் முனை தெரியாது, போடாவிட்டால் குத்தும். ஆகவே நெடுநாள் தைத்தவர்களின் கீழ்விரலில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும்.

நமது தையற்காரர் சிலர் இதை அங்குஸ்தான் என்பர். பாரசீகத்தில் அங்குஷ்த் என்றால் விரல். சிங்களத்தில் திதாலய, யன்னலையும் கதிரையையும் சப்பாத்தையும் நமக்குத் தந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், அவர்கள் மொழியிலும் அதன் வேர் விரல்தான். ஜேர்மன் மொழியில் 'விரல் தொப்பி'. ஆங்கிலத்துத் திம்பிள் மாத்திரம் பெருவிரலைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் நீண்ட காலம் பித்தளை விரலுறைக்குப் பெயர்பெற்ற நகரம் ஜேர்மனியின் நூரெம்பேர்க். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்திலிருந்து இங்கிலாந்து வந்த ஜோன் லொப்டிங் என்பவர் இயந்திரத்தின் துணையோடு விரலுறைகளைச் செய்யத் தொடங்கினார். தீயணைப்பு இயந்திரம் செய்தவரும் இவரே. சீமாட்டிகள் விரும்பிய வெள்ளி விரலுறைக்கு ஒரு குறை இருந்தது. வெள்ளி மென்மையானது, ஊசி துளைத்துவிடும். 1884இல் சார்ள்ஸ் ஹோர்னர் என்ற ஆங்கிலேய நகைவினைஞர் இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே உருக்கை வைத்து அதற்குத் தீர்வு கண்டார். ஊசி துளைத்தல் தீர்ந்தது. பொருந்தாமை தீரவில்லை.

ஏனெனில் விரல் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் ஒரு பருமன், வெயிலேறியதும் இன்னொரு பருமன். முதுமையில் மூட்டு வீங்கும்; நுனி மெலியும். உலோகம் இதை எதையும் பொருட்படுத்தாது; வியர்வையையும் வெளியே விடாது. தையற்காரர்கள் நுனி திறந்த வளையத்தை அணிந்து விரலின் பக்கவாட்டால் உந்துகிறார்கள். யப்பானில் சஷிகோ தைப்பவர்கள் நடுவிரலின் அடியில் வளையமிட்டு, அதோடு இணைந்த வட்டத் தகட்டை உள்ளங்கைப் பக்கம் வைத்து, நீண்ட ஊசியை முழுக்கையாலும் தள்ளுகிறார்கள். தோலால் தைத்த உறை ஆரம்பத்தில் விறைப்பாக இருந்தாலும் சில நாட்களில் அந்த விரலின் வடிவத்துக்கே வந்துவிடும். ஆனால் விரைவில் ஓட்டை விழும். இவற்றையெல்லாம் படித்து அக்காவுக்குச் சொன்னேன். "படிச்சுச் சொல்லுறது சுகம்," என்றார்.

அலபாமாவுக்குத் திரும்புவோம். பருத்தி எடுத்தவர்களின் விரல்களுக்கு ஊசி வரும்முன்னரே குத்துப் பழக்கமாயிருந்தது. பஞ்சு வெடித்த காயின் ஓடு காய்ந்ததும் முள்ளாகிவிடும். பஞ்சைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் நகக்கண்ணைக் கிழிக்கும். பகல் முழுவதும் அதைச் செய்துவிட்டு, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்த பின்னரே அந்தப் பெண்கள் ஊசியை எடுத்தார்கள்.

வில்கொக்ஸ் மாவட்டத்தின் மக்களில் முக்காற் பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். 1965இன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஒருவர்கூட என்பதை அச்சுப்பிழை என்று எண்ணிவிடவேண்டாம். பதிவுசெய்யும் அலுவலகம் ஆற்றுக்கு அக்கரையில் கேம்டனில் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஜீஸ் பென்ட் மக்கள் பதிவுக்காக அங்கே போகத் தலைப்பட்டார்கள். 1962இல் படகு நின்றது. சில நிமிடங்களிற் கடந்த ஆற்றுக்குப் பதிலாக, வாகனமே அரிதான கிராமத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட சுற்றுப்பாதை. அவர்கள் கறுப்பர் என்பதற்காகப் படகை நிறுத்தவில்லை, தாம் கறுப்பர் என்பதை மறந்துவிட்டதற்காகவே நிறுத்தினோம் என்று அன்றைய ஷெரிப் சொன்னதாக அவ்வூரில் வழங்கிவருகிறது.

1965 பெப்ரவரியில் மழையிரவொன்றில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பென்ட் தேவாலயத்துக்கு வந்து பேசினார். மார்ச் 7இல் செல்மா பாலத்தில் ஊர்வலத்தினர் தாக்கப்பட்டனர். ஒகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தது, அதற்கு விலையும் வந்தது. பதிவுசெய்துகொண்ட குத்தகையாளர்களை அம்மாவட்டத்தின் நிலவுடைமையாளர்கள் வீட்டைவிட்டு எழுப்பினர். முன்னர் முக்கியமானது என்று சொன்னேனே, அது இங்கேதான் பொருள்பெறுகிறது. ஜீஸ் பென்டில் பலருக்குச் சொந்த வீடும் நிலமும் இருந்தன. அவர்களை எழுப்ப எவராலும் முடியவில்லை. துணிந்து முன்னால் நின்றவர்கள் அவர்களே. சுற்றியிருந்த ஊர்களின் குத்தகைக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

1965 டிசெம்பரில் பிரான்சிஸ் வோல்ட்டர் என்ற எபிஸ்கோப்பல் திருச்சபைக் குருவானவர், இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களின் விபரங்களைத் திரட்டிக்கொண்டு அந்தப் பகுதியிற் பயணம் செய்தார். வீடொன்றின் கொடியில் மூன்று போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் நின்று பார்த்தார். பிறகு பத்து டொலர் வீதம் போர்வைகளை வாங்கி நியூயோர்க்கில் ஏலம்விட ஒழுங்குசெய்தார். 1966 மார்ச்சில் 'விடுதலைப் போர்வைத் தையற்கூட்டம்' என்று பொருள்படும் பெயரில் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நீண்ட காலம் அதை நடத்தினார். சங்கம் சுமார் 23 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஒரு பகுதியில் தையற் கூடத்தைக் கட்டியது; மற்றப் பகுதியில் வாக்குப் பதிவுக்காக வீடிழந்த குடும்பங்களுக்குக் காணித்துண்டுகளை விற்றது. போர்வை தைத்து நிலம் வாங்கி, எழுப்பப்பட்டவர்களைக் குடியமர்த்தியது. நான் அறிந்த அரசியல் இயக்கங்கள் பலவற்றின் ஆவணங்களில் இதற்கு ஈடான ஒரு வரி இல்லை.

ஆனால் கதை அதோடு இனிதாக முடிந்துவிடவில்லை. நியூயோர்க்கின் பெரிய கடைகளுக்கு ஒரே மாதிரியான போர்வை வேண்டும். படத்திலுள்ள நிறம், படத்திலுள்ள அளவு, கோணாத கோடு. 'கரடிப் பாதம்' என்றால் நூறும் கரடிப் பாதமாகவே இருக்கவேண்டும். தன் விருப்பப்படி வெட்டித் தைத்துப் பழகியவர்களுக்கு இது எளிதாயிருக்கவில்லை. ஜீஸ் பென்டின் சிறந்த தையற்காரிகள் சிலர் சங்கத்தில் நெடுநாள் நிற்காமல் வீட்டிலேயே தமக்காகத் தைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனம் தலையணை உறைகள் தைப்பதற்குக் கோர்ட்ராய் துணியைச் சங்கத்துக்கு அனுப்பியது. பொன்மஞ்சள், இலைப்பச்சை, தோடம்பழ நிறம், செர்ரிச் சிவப்பு. ஒப்பந்த வேலை ஒரே அச்சில் நடந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகளோ வீடுகளுக்குப் போயின. அந்தத் துண்டுகளால் அவர்கள் இரவிற் செய்த போர்வைகளே இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. தலையணை உறைகள் எங்கே போயினவென்று யாரும் தேடவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர், விறகுக் குவியலின்மேல் போட்டிருந்த ஒரு போர்வையின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தைத்த ஆனி மே யங் என்ற மூதாட்டியைத் தேடி வந்தார். ஊர் முழுவதும் வாங்கினார். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சிகள் நடந்தன. நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் மத்தீஸ், கிளீ ஆகிய ஓவியர்களை நினைவுகூர்ந்து எழுதினார். 2006 ஒகஸ்டில் பத்துப் போர்வைகள் தபால் முத்திரைகளாக வெளிவந்தன. பத்திரிகைகள் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று தலைப்பிட்டன. என் தொழிலின் பழைய நோய் இது. ஆர்னெட் வருமுன் வோல்ட்டர் பார்த்தார். அவருக்கு முன் ரொத்ஸ்டைன் பார்த்தார். யாரும் பார்க்குமுன் பிள்ளைகள் அதைப் போர்த்திக்கொண்டு நித்திரை கொண்டார்கள்.

புகழ் வந்ததும் பணத்தைப் பற்றிய கேள்வியும் வந்தது. போர்வைகளின் வடிவங்கள் கம்பளங்களிலும் வேறு பண்டங்களிலும் அச்சேறி விற்பனையாகின. 2007இல் ஆனி மே யங் உட்பட மூன்று பெண்கள், தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று ஆர்னெட் குடும்பத்தினருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். 2008இல் வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே முடிவுக்கு வந்தன. ஆர்னெட் அமைத்த அறக்கட்டளை பின்னர் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போர்வைகளைக் கொண்டுசேர்த்ததையும், அப்பெண்களின் உரிமைத்தொகைக்காக உழைத்ததையும் சொல்லாமல் விட்டால் அது அநீதி. 2015இல் மேரி லீ பென்டொல்ப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவரும் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருதைப் பெற்றார்கள். கூட்டுறவுச் சங்கமோ 2012இல் மூடப்பட்டுவிட்டது. 2024இல் டார்கெட் என்ற பெருங்கடை நிறுவனம் ஜீஸ் பென்ட் வடிவங்களில் பண்டங்களை விற்றபோது, தையற்காரிகளுக்கு ஒருமுறைத் தொகை மாத்திரமே கொடுக்கப்பட்டது, விற்பனையிற் பங்கில்லை என்ற விமர்சனம் எழுந்தது. இம்முறை விரலுக்கு வேலையே இல்லை. எல்லாம் இயந்திரத்தில் அச்சிட்டவை.

இவ்வளவு போர்வைகளில் என்னை மிகவும் தொட்டது விலையுயர்ந்ததோ வண்ணமயமானதோ அல்ல. 1942இல் மிசூரி பெட்வே தைத்தது. அவருடைய கணவர் நதானியேல் அந்த ஆண்டு இறந்துபோனார். பிள்ளைகள் பலர். மூத்த பெண்பிள்ளைகளில் ஒருத்தியான ஆர்லோன்சியாவைக் கூப்பிட்டு, அப்பா வயலுக்கு உடுத்த உடுப்புகளை எல்லாம் எடு, அவரை நினைப்பதற்கும் அன்போடு போர்த்திக்கொள்வதற்கும் அவற்றில் ஒரு போர்வை தைக்கப்போகிறேன் என்று தாய் சொன்னதாக அந்த மகள் முதுமையில் நினைவுகூர்ந்தார். நீலம், சாம்பல், பழுப்பு. வெயிலிலும் வியர்வையிலும் வெளுத்த துணிகள். நடுவே சில சிவப்புத் துண்டுகள். அழகாயிருக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் எந்த மூலையிலும் தெரியவில்லை. ஆயினும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அது இப்போது வோஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அக்காவுக்கு நான் இதைச் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, தானும் அத்தானின் சேர்ட்டுகளையும் இரண்டு சாரங்களையும்தான் வெட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதுவரை எனக்கு அது தெரியாது. பேரப்பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். வெட்டுவதற்கு நான்கு மாதம் மனம் வரவில்லையாம். முதற் சேர்ட்டின் பையைக் கழற்றியபோது உள்ளே ஒரு பேருந்துச் சீட்டு இருந்ததாம். அதையும் ஒரு துண்டுக்குள் வைத்துத் தைத்துவிட்டாராம்.

விரலுறைக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். பழைய கைப்பையொன்றின் தோலை வெட்டி, நடுவிரலுக்கு அளவெடுத்து, நகம் முட்டாதபடி நுனியைச் சற்று அகலமாக விட்டுத் தானே தைத்துக்கொண்டதாகச் சொன்னார். இரண்டு தடவை ஓட்டை விழுந்து, இரண்டு தடவையும் ஒட்டுப்போட்டாயிற்று.

ஜீஸ் பென்டின் படகு இன்றும் ஓடுகிறது. 2019இலிருந்து அது மின்கலத்தில் இயங்குகிறது; அமெரிக்காவில் அவ்வாறு மாற்றப்பட்ட முதலாவது வாகனப் படகு அதுவே என்கிறார்கள். கேம்டனுக்குப் போய்ச்சேரச் சில நிமிடங்கள் போதும்.